நாவலர் வாசித்த வேதாகமம்

1983ஆம் ஆண்டு, ஜூலையோ ஆகஸ்டோ. மதிய மணி அடித்து, ஆசிரியர் அறையில் தூக்குவாளியைத் திறந்து வைத்திருந்தேன். எதிர் மேசையில் இருந்த மூத்த தமிழாசிரியர் கை கழுவிவிட்டு வந்தார். நெற்றியில் திருநீறு கலையாதபடி துண்டால் முகத்தை ஒற்றிக்கொண்டே கேட்டார்:

"டீச்சர், தப்பா நெனைக்கக் கூடாது. ரொம்ப நாளா ஒரு சந்தேகம். மத்தேயு சுவிசேஷத்துல யோசேப்புக்கு அப்பா யாக்கோபுன்னு போட்டிருக்கு. லூக்காவுல ஏலின்னு போட்டிருக்கு. ஒரு ஆளுக்கு ரெண்டு அப்பா எப்படி?"

அந்தக் குரலில் கேலி இல்லை. சைவ சித்தாந்தத்தைக் குருமுகமாகப் பாடம் கேட்டவர் அவர். பத்தாம் வகுப்பில் இலக்கணம் நடத்தும்போது ஒரு பையன் சந்தேகம் கேட்டால் எப்படி முகம் மலர்வாரோ, அதே முகத்தோடுதான் என்னிடம் கேட்டார். நான் எங்கள் குடும்பத்தில் ஐந்தாம் தலைமுறைக் கிறிஸ்தவள். ஓய்வுநாள் பள்ளித் தேர்வுகளில் சேகரத்திலேயே முதல் பரிசு வாங்கியவள். 91ஆம் சங்கீதத்தை மூச்சு விடாமல் சொல்வேன். ஆனால் அன்று என் வாயிலிருந்து வந்தது "அப்படியா இருக்கு?" என்ற ஒரே கேள்விதான். மத்தேயு முதல் அதிகாரத்தின் பெயர் வரிசையை நான் எப்போதும் தாண்டித்தான் வாசித்திருக்கிறேன் என்பது அந்த நொடியில் எனக்கே தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் சபை மூப்பர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். "அந்த மாதிரி ஆளுங்ககிட்ட பேச்சுக் கொடுக்காதம்மா. விசுவாசிக்க வேண்டியதை விசுவாசிச்சாப் போதும்" என்றார். எனக்கு அது ஆறவில்லை. கேட்டவர் என் பகைவர் இல்லை. என் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தபோது என் வகுப்புகளையும் சேர்த்து எடுத்தவர். அவருக்கு நான் ஒரு பதில் கடன்பட்டிருந்தேன்.

அடுத்த சனிக்கிழமை ஊருக்குப் போனேன். தேரிக்காட்டு ஓரத்துச் சின்ன ஊர். செம்மண்ணும் பனையும் தவிர வேறு சொத்து இல்லாத ஊர். அங்கே என் தாத்தா நாற்பது ஆண்டுகளுக்கு மேல் உபதேசியாராக இருந்தார். அவர் இறந்து பதினைந்து ஆண்டுகள் ஆகியிருந்தன. அவருடைய வேதாகமம் மரப்பெட்டியில், பாச்சை உருண்டை வாசத்தோடு, ஆத்தாளின் கூறைப் புடவைக்கு அடியில் இருந்தது. கறுப்புத் தோல் அட்டை. முதுகு பிய்ந்த இடத்தைச் செருப்பு தைக்கும் நூலால் தைத்திருந்தார். பக்க ஓரங்கள் முழுக்கப் பென்சில் எழுத்து, எறும்பு ஊர்ந்த மாதிரி. லூக்கா 3ஆம் அதிகாரத்தைத் திறந்தேன். 23ஆம் வசனத்தின் ஓரத்தில் இப்படி இருந்தது: "உபா. 25:5, 6. லூக். சட்டம். மத். இரத்தம்."

உபாகமத்தைப் புரட்டினேன். பிள்ளையில்லாமல் ஒருவன் இறந்தால் அவன் சகோதரன் அந்த விதவையை மணக்க வேண்டும், பிறக்கிற மூத்த மகன் இறந்தவனுடைய பெயருக்கே வாரிசாவான் என்று யூதர்களின் சட்டம் அங்கே இருக்கிறது. அப்படியென்றால் ஒருவனுக்குப் பெற்ற தகப்பன் ஒருவன், சட்டத்தின்படி தகப்பன் இன்னொருவன். யாக்கோபும் ஏலியும் ஒரே தாயின் பிள்ளைகள், ஏலி பிள்ளையில்லாமல் இறந்தான், யாக்கோபு அவன் மனைவியை மணந்து யோசேப்பைப் பெற்றான் என்று மூன்றாம் நூற்றாண்டிலேயே ஜூலியஸ் ஆப்பிரிக்கானுஸ் என்ற கிறிஸ்தவ அறிஞர் விளக்கம் எழுதியிருக்கிறார். லூக்கா தருவது மரியாளின் வம்சவரிசை என்று கொள்கிறவர்களும் உண்டு. இதெல்லாம் நான் பின்னால் தேடித் தெரிந்துகொண்டது. அன்று என் கண்ணில் பட்டது ஒன்றுதான். ஆயிரத்து எழுநூறு ஆண்டுகளாகக் கேட்கப்பட்டு வருகிற ஒரு கேள்வியைப் பனையேறிகளுக்குப் பிரசங்கம் செய்த என் தாத்தா கேட்டிருக்கிறார், பதிலும் தேடியிருக்கிறார், அடுத்து வருகிறவர்களுக்காக ஓரத்தில் குறித்தும் வைத்திருக்கிறார். பட்டம் வாங்கிய நான் அந்தப் பக்கத்தையே திறக்கவில்லை.

தாத்தாவுக்கு இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று தேடப் போய்த்தான் இந்த வரலாற்றுக்குள் நுழைந்தேன்.

தமிழ்நாட்டில் சீர்திருத்தச் சபையின் கதை 1706 ஜூலை 9ஆம் தேதி தரங்கம்பாடியில் தொடங்குகிறது. டேனிஷ் அரசர் நான்காம் பிரடெரிக் அனுப்பிய பர்த்தலோமேயு சீகன்பால்குவும் ஹென்றி புளுட்சோவும் கரை இறங்கினார்கள். சீகன்பால்குவுக்கு வயது 23. தமிழில் ஓர் எழுத்துத் தெரியாது. திண்ணைப் பள்ளி வாத்தியார் ஒருவரைப் பிள்ளைகளோடு தன் வீட்டுக்கே வரவழைத்து, அந்தப் பிள்ளைகளுக்கு நடுவில் தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் எழுதிப் பழகினார். இரண்டே ஆண்டுகளில், 1708இல், தான் சேர்த்த 119 தமிழ் நூல்களுக்குக் குறிப்போடு பட்டியல் போட்டார்.

ஊருக்கு ஊர் நடந்து, சத்திரங்களிலும் மரத்தடியிலும் அவர் பேசினார். ஜனங்கள் சும்மா கேட்டுக்கொண்டிருக்கவில்லை, திருப்பிக் கேட்டார்கள். அந்த உரையாடல்களில் முப்பத்து நான்கு 1719இல் லண்டனில் ஆங்கிலத்தில் நூலாக வந்தன. 1712 முதல் 1714 வரை மிஷனரிகள் தமிழ் அறிஞர்களுக்குக் கேள்விகள் அனுப்பி, கடிதமாகப் பதில் வாங்கினார்கள். அவற்றில் 99 கடிதங்கள் ஜெர்மனியின் ஹாலே நகரில் அச்சாகின. கிறிஸ்தவர்களைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்டதற்கு வந்த பதில்கள் இன்றும் படிக்கும்போது சுடுகின்றன. உங்கள் குடியும் உங்கள் சுத்தமின்மையும் உங்கள் நடத்தையும்தான் எங்கள் கண்ணுக்குத் தெரிகின்றன என்பது அவற்றின் சாரம். அந்த வார்த்தைகளை மறைக்காமல் தன் நாட்டுக்கு அனுப்பி வைத்ததற்காகவே சீகன்பால்குவை நான் மதிக்கிறேன்.

1708 அக்டோபரில் அவர் புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கத் தொடங்கினார். அடுத்த மாதமே டேனிஷ் கோட்டையின் தளபதியோடு ஏற்பட்ட பிணக்கில் நான்கு மாதம் சிறையில் கிடந்தார். வெளியே வந்து தொடர்ந்தார். 1711 மார்ச்சில் மொழிபெயர்ப்பு முடிந்தது. இங்கிலாந்திலிருந்து அச்சு இயந்திரம் வந்தது. ஹாலேயிலிருந்து தமிழ் எழுத்துகளும் வார்த்து வந்தன. ஆனால் அந்த எழுத்துகள் பெரியவை, இருந்த காகிதமோ கொஞ்சம். பாலாடைக்கட்டி வந்த பெட்டிகளின் ஈய மூடிகளை உருக்கிச் சின்ன எழுத்துகள் வார்த்தார்கள். 1714இல் நான்கு சுவிசேஷங்களும் அப்போஸ்தலர் நடபடிகளும், 1715இல் மீதிப் புத்தகங்களும் அச்சாகி முடிந்தன. இந்திய மொழி ஒன்றில் அச்சான முதல் புதிய ஏற்பாடு அதுதான். தரங்கம்பாடியில் கேள்விகள் முன்னால் வந்தன, புத்தகம் பின்னால் வந்தது. இந்த வரிசையை நான் மறப்பதே இல்லை.

அடுத்த அடி கிறிஸ்தவரிடமிருந்தே விழுந்தது. 1728இல் வீரமாமுனிவர் தம் 'வேத விளக்கம்' நூலில் தரங்கம்பாடியாரின் கொள்கைகளையும் அவர்களுடைய கொச்சைத் தமிழையும் கடுமையாகச் சாடினார். கத்தோலிக்கத் தரப்பில் அவர் எழுத, லூத்தரன் தரப்பில் மறுக்க, அவர் மீண்டும் எழுத என்று கொஞ்ச காலம் நடந்தது. அந்தச் சண்டையின் வசைகளை இங்கே கிளற எனக்கு விருப்பமில்லை. ஆனால் மொழியைப் பற்றிய குற்றச்சாட்டில் உண்மை இருந்தது. வேப்பேரியில் வாழ்ந்த மிஷனரி பப்ரீஷியஸ் ஐயர் பல ஆண்டுகள் வசனம் வசனமாகத் திருத்தி எழுதிய மொழிபெயர்ப்புதான் அந்தக் குறையைத் தீர்த்தது. அவர் 1791இல் கண்மூடிய பிறகுதான் பழைய ஏற்பாடு முழுவதும் அச்சாகி முடிந்தது.

அந்த மொழிபெயர்ப்பு நம்மவர் மனதில் எவ்வளவு ஆழமாக இறங்கியது என்பதற்கு வேதநாயக சாஸ்திரியார் சாட்சி. பாளையங்கோட்டையில் 1774இல் பிறந்து, சுவார்ட்ஸ் ஐயரால் தஞ்சைக்கு அழைத்துச் செல்லப்பட்டு, சரபோஜி மன்னருக்கு நண்பராக இருந்த கவிஞர் அவர். 1820களில் புதிதாக வந்த மிஷனரிகள் வேதத்தின் தமிழைத் திருத்தத் தொடங்கியபோது, திருத்துவதற்கு உங்களுக்கு என்ன உரிமை, எந்தச் சொல்லை எதற்காக மாற்றுகிறீர்கள் என்று எழுதியே கேட்டார். பவுல் சொன்னது உண்மைதானா என்று நாள்தோறும் வேதத்தைத் திறந்து சரிபார்த்த பெரோயா ஊர்க்காரர்களைப் பற்றி அப்போஸ்தலர் நடபடிகள் 17இல் வருகிறது. சாஸ்திரியார் அந்த ஊர்க்காரர்களின் வழி வந்தவர். வெள்ளைக்காரர் சொன்னார் என்பதற்காகத் தலையாட்டியவர் இல்லை.

இனி யாழ்ப்பாணம். என் கதைக்கு நடுமையம் அங்கேதான் இருக்கிறது.

நான் தாத்தாவின் குறிப்போடு பள்ளிக்கு வந்து பதில் சொன்னபோது, அந்தத் தமிழாசிரியர் கவனமாகக் கேட்டார். "சரி, இது பதில்தான்" என்றார். மறுநாள் பழைய காகிதத்தில் அட்டை போட்ட புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். ஆறுமுக நாவலரின் 'சைவதூஷண பரிகாரம்'.

"டீச்சர், இதையும் படிங்க. பதில் இருந்தாச் சொல்லுங்க, இல்லன்னாலும் பரவால்ல. படிக்காம மட்டும் பதில் சொல்லாதீங்க."

நாவலர் 1822 டிசம்பர் 18ஆம் தேதி நல்லூரில் பிறந்தவர். வெஸ்லியன் மிஷனின் ஆங்கிலப் பள்ளியில் படித்தார், பின்பு அங்கேயே ஆசிரியராகவும் இருந்தார். பள்ளியின் தலைவர் பீட்டர் பெர்சிவல் பாதிரியார், வேதாகமத்தை நல்ல தமிழில் புதிதாக மொழிபெயர்க்கும் வேலையில் நாவலரைச் சேர்த்துக்கொண்டார். நாவலர் நெற்றியில் திருநீற்றோடுதான் அந்த வேலைக்கு உட்கார்ந்தார், கடைசிவரை சைவராகவே இருந்தார். மொழிபெயர்ப்பு முடிந்து, சென்னைக்கு எடுத்துப் போய் மகாலிங்கையரிடம் காட்டி அவருடைய பாராட்டைப் பெற்றதாக நாவலரின் வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். 1850இல் அந்த வேதாகமம் அச்சாகி வந்தது. பொதுஜனத்துக்குக் கடினமான தமிழ் என்று சபைகள் அதை ஏற்கவில்லை.

ஆனால் அந்த வேலைக்காக நாவலர் ஆதியாகமம் முதல் வெளிப்படுத்தின விசேஷம் வரை வரி வரியாக வாசித்திருந்தார். ஒரு வசனத்தைத் தமிழாக்க வேண்டுமென்றால் அதை மேலோட்டமாக வாசித்துவிட்டுப் போக முடியாது. எந்தச் சொல் எங்கே மீண்டும் வருகிறது, ஓரிடத்தில் சொன்னது இன்னோரிடத்தில் எப்படித் திரும்புகிறது என்று பார்த்துத்தான் ஆகவேண்டும்.

அந்த நாட்களில் யாழ்ப்பாணத்து மிஷன் அச்சகங்களிலிருந்து சைவத்தைப் பழிக்கும் துண்டுப் பிரசுரங்கள் வீடு வீடாகப் போய்க்கொண்டிருந்தன. கோயில் விளக்கு, தூபம், நைவேத்தியம், அபிஷேகம், தீட்டு, திருநீறு என்று ஒன்றையும் விடாமல் இழித்து எழுதினார்கள். 1847 டிசம்பர் 31, வெள்ளிக்கிழமை மாலை, வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் நாவலர் தம் முதல் பிரசங்கத்தைச் செய்தார். 1848இல் மிஷன் வேலையை விட்டார். அதே ஆண்டு சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். அச்சகம் வைத்தார். பிள்ளைகளுக்குச் சைவ வினாவிடை எழுதினார். பிரசங்கம், பள்ளிக்கூடம், அச்சகம், வினாவிடை என்று நான்கையும் அவர் கிறிஸ்தவர்களிடம் பார்த்துப் பழகியிருந்தார்.

1854இல் 'சைவதூஷண பரிகாரம்' வந்தது. அதன் வாதம் மிக எளிது. நீங்கள் எங்கள் கோயிலில் பழிக்கிற ஒவ்வொன்றும் உங்கள் வேதத்தில் உங்கள் தேவனாலேயே கட்டளையிடப்பட்டிருக்கிறது. எருசலேம் ஆலயத்தில் விளக்கில்லையா, தூபமில்லையா, படையல் இல்லையா, தீட்டும் சுத்தியும் இல்லையா? இடம் சுட்டிக் காட்டி எழுதியிருந்தார். உங்கள் வேதத்தையும் நீங்கள் அறியவில்லை, எங்கள் ஆகமத்தையும் அறியவில்லை, பின் எதைக் கொண்டு தூஷிக்கிறீர்கள் என்பதே அவர் கேள்வி. அந்தப் புத்தகத்தில் வெளிப்படும் வேதாகம அறிவைக் கண்டு மிஷனரிகளே வியந்து தங்கள் அறிக்கையில் எழுதியிருக்கிறார்கள்.

நான் அந்தப் புத்தகத்தை மூன்று இரவுகளில் படித்தேன். பக்கத்திலேயே தாத்தாவின் வேதாகமத்தைத் திறந்து வைத்துக்கொண்டேன். முதல் இரவு கோபம் வந்தது. இரண்டாம் இரவு வெட்கம் வந்தது. யாத்திராகமம் 25ஆம் அதிகாரத்துக்குப் பிறகு நான் எப்போதும் தாண்டிப் போய்விடுவேன். மோசே மலையில் நிற்கிறார், கட்டளைகள் கிடைத்துவிட்டன, கதை நின்றுவிட்டது என்று நினைத்துத் தாண்டிய பக்கங்கள் அவை. இப்போது வாசித்தேன். பசும்பொன்னால் அடித்துச் செய்த குத்துவிளக்கு. எந்நேரமும் எரிய ஒலிவ எண்ணெய். சமுகத்தப்பம் வைக்க மேஜை. தூபபீடம். ஆசாரியர் உள்ளே போகுமுன் கைகால் கழுவ வெண்கலத் தொட்டி. சுகந்தவர்க்கங்கள் சேர்த்த அபிஷேகத் தைலம். பிறகு எண்ணாகமம் 19: பழுதற்ற சிவப்புக் கிடாரியைச் சுட்டெரித்து, அந்தச் சாம்பலைச் சேர்த்து வைத்து, தண்ணீரில் கலந்து, தீட்டுப்பட்டவன்மேல் தெளிக்க வேண்டும். சாம்பலால் சுத்தி! எதிர் மேசைக்காரரின் நெற்றி என் கண்முன் வந்தது.

மூன்றாம் இரவு, அந்த எண்ணாகமப் பக்கத்தின் ஓரத்தில் தாத்தாவின் பென்சிலைக் கண்டேன். "எபி. 9:13." அவ்வளவுதான்.

எபிரெயருக்கு எழுதின நிருபத்தின் 9ஆம் அதிகாரம் தொடங்குவதே அந்தக் குத்துவிளக்கோடும் மேஜையோடும் அப்பத்தோடும்தான். அதே பொருட்கள். 13ஆம் வசனத்தில் அந்தக் கிடாரியின் சாம்பலே வருகிறது. எழுதியவர் அவற்றை இழிவாகப் பேசவில்லை. அவை தேவன் தந்தவை, ஆனால் வரப்போகிற ஒன்றுக்கு நிழலாகத் தந்தவை. கிறிஸ்து தம்மையே ஒரேதரம் பலியாகக் கொடுத்தபோது அந்த நிழலின் வேலை முடிந்தது என்று வாதிடுகிறார். நாவலர் எழுப்பிய கேள்விக்குக் கிறிஸ்தவன் சொல்லக்கூடிய பதில் அங்கே இருக்கிறது. விளக்கும் தூபமும் பேயின் வேலை என்று கத்தியவனால் அந்தப் பதிலைச் சொல்ல முடியாது. அவன் கத்தியது தன் வேதத்தின் பாதியையே பழித்ததாகிவிடும். லேவியராகமத்தையும் எபிரெயரையும் சேர்த்து வாசித்தவன் மட்டுமே பேச முடியும். அவனும் மரியாதையோடுதான் பேச முடியும், ஏனென்றால் அந்தச் சடங்குகளின் கனம் அவனுக்குத் தெரிந்திருக்கும்.

இதைத்தான் நான் அடுத்த வாரம் அவரிடம் சொன்னேன். ஒத்துக்கொண்டாரா என்று கேட்டால், இல்லை. அவர் சைவராகவே வாழ்ந்தார், சைவராகவே இறந்தார். ஆனால் "நாவலருக்கு இப்படி ஒரு பதில நான் இதுவரை யார் வாயிலயும் கேட்டதில்ல" என்றார். பணி ஓய்வு பெறும்வரை வாரம் ஒரு கேள்வியாவது கொண்டுவந்தார். நானும் சித்தாந்தத்தில் எனக்குப் புரியாததை அவரிடம் கேட்டேன். பதி, பசு, பாசம் என்ற மூன்றையும் எனக்குச் சரியாக விளக்கியவர் அவர்தான். என் விசுவாசம் அதனால் குறையவில்லை. என் வாழ்நாளில் அது வேர் பிடித்தது அந்த ஆண்டுகளில்தான்.

எங்கள் திருநெல்வேலிப் பக்கத்திலேயே இன்னொரு கதையும் உண்டு. நாவலரின் நூல் வந்த மூன்றாம் ஆண்டு, 1857இல், நாசரேத்தில் மிஷனரியோடு மோதிப் பிரிந்துபோனார் சட்டம்பிள்ளை என்ற அருமைநாயகம். மிஷன் உபதேசியாராக இருந்தவர். மிஷனரி கால்டுவெல் 1849இல் நாடார்களைப் பற்றி எழுதிய நூலும் அவரைக் கொதிக்க வைத்தது. எபிரெய வேதத்தை ஊன்றிப் படித்து, சனிக்கிழமை ஓய்வுநாளும் தூபமும் சாஷ்டாங்கமும் கொண்ட இந்துக் கிறிஸ்தவ சபை ஒன்றைப் பிரகாசபுரத்தில் அமைத்தார். நாவலர் எந்தப் பக்கங்களைத் திறந்தாரோ, அதே பழைய ஏற்பாட்டுப் பக்கங்களைத்தான் இவரும் திறந்திருக்கிறார். அவர் போய்ச் சேர்ந்த இடம் எனக்குச் சம்மதமில்லை. எபிரெயர் 9ஐ வைத்துக்கொண்டு அவரோடும் நான் வாதாடுவேன். ஆனால் ஒரு பனங்காட்டு உபதேசியார் ஐரோப்பிய மிஷனரிகளின் முகத்துக்கு நேரே நின்று பேசியதற்கு அந்தப் படிப்புத்தான் துணிவு தந்தது. அதை நான் மறுக்க மாட்டேன்.

தாத்தாவைப் போன்றவர்கள் இந்த எல்லாவற்றுக்கும் பிறகு வந்தவர்கள். திருநெல்வேலி மிஷன்களில் உபதேசிமாருக்குத் தனிப் பயிற்சி இருந்தது. பாளையங்கோட்டையில் எட்வர்டு சார்ஜெண்ட் ஐயர் அதற்காகவே ஆண்டுக்கணக்கில் உழைத்தார். உபதேசிமார் மிஷன் தலைமையிடத்தில் கூடி வேதபாடம் ஒப்பிக்க வேண்டும், கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். தாத்தா காலத்திலும் மாதக் கூட்டம் நடந்தது. விடிய மூன்று மணிக்கு எழுந்து, துண்டில் கருப்பட்டியும் அவலும் முடிந்துகொண்டு தேரி மணலில் நடந்து போவாராம். திரும்பி வரும்போது அங்கே கேட்ட கேள்விகளைக் கொண்டுவருவார். மறுநாள் சாயங்கால ஜெபத்தில் அவற்றை ஊர்க்காரர்களிடம் கேட்பார். பனையேறிவிட்டு மார்பில் தழும்போடு வந்து உட்கார்ந்திருக்கும் பெரியவர்களிடம், "ஏன் ஆபேலோட காணிக்கைய ஏத்துக்கிட்டு காயீனோடத தள்ளுனாரு? சொல்லும் பாப்பம்" என்பார். எழுத்துத் தெரியாதவர்கள் பதில் சொல்வார்கள். வாசிக்கக் கேட்டுக் கேட்டே மனதில் ஏற்றியிருந்தார்கள். கைப்பிடி அரிசிக் காணிக்கை கொண்டுவரும் பெண்கள் வாசற்படியில் நின்று குறுக்குக் கேள்வி போடுவார்களாம். அம்மா சொல்லக் கேட்டிருக்கிறேன்.

இந்தப் பழக்கம் எங்கள் கண்ணெதிரே தேய்ந்துவிட்டது. இன்று டிசம்பர் 31 இரவு ஆராதனையில் வாக்குத்தத்த அட்டை ஒன்றை எடுக்கிறோம். ஒரே ஒரு வசனம். அதற்கு முன் என்ன இருக்கிறது, பின் என்ன இருக்கிறது, யார் யாருக்குச் சொன்னது என்று பார்ப்பவர்கள் குறைவு. அட்டையைச் சட்டமிட்டு மாட்டிவிட்டால் ஆண்டு முழுவதுக்கும் போதுமென்று இருக்கிறோம். கல்லூரிக்குப் போன பிள்ளையிடம் விடுதி நண்பன் ஒருவன், கானானியர்களைக் கொல்லச் சொன்ன தேவன் அன்பான தேவனா என்று கேட்கிறான். பிள்ளை வீட்டுக்கு வந்து நம்மிடம் கேட்கிறான். நாம் அன்றைக்கு அந்த மூப்பர் சொன்னதையே சொல்கிறோம். அந்தப் பிள்ளை சபைக்கு வருவதை நிறுத்தும்போது உலகத்தைக் குறை சொல்கிறோம். பேதுரு தம் முதல் நிருபத்தின் 3ஆம் அதிகாரத்தில், நம் நம்பிக்கைக்குக் காரணம் கேட்கிறவனுக்குப் பதில் சொல்ல ஆயத்தமாக இருக்கச் சொல்கிறார். அந்த ஆயத்தம் ஒரு நாளில் வருவதில்லை. அதே வசனத்தில் சாந்தத்தையும் சேர்த்தே கேட்கிறார். யாழ்ப்பாணத்துப் பிரசுரக்காரர்கள் அதன் பின்பாதியை மறந்தார்கள், நாம் முன்பாதியை மறந்திருக்கிறோம்.

எனக்கு இப்போது எழுபது கடந்துவிட்டது. தாத்தாவின் வேதாகமத்தை மறுபடி தைக்கக் கொடுத்து வாங்கி வைத்திருக்கிறேன். அவர் எழுத்துக்குப் பக்கத்தில் என் எழுத்தும் கொஞ்சம் சேர்ந்திருக்கிறது. எபிரெயர் 9இன் ஓரத்தில், அந்தத் தமிழாசிரியர் கேட்டு நான் இன்னும் பதில் தேடிக்கொண்டிருக்கிற கேள்வி ஒன்று இருக்கிறது. என் பேத்தி அதைப் பார்த்துவிட்டு, "பதில் எங்க ஆச்சி?" என்று கேட்டாள். பென்சிலை அவள் கையில் கொடுத்தேன்.

வாசிக்கிற உங்களிடமும் ஒன்று கேட்கிறேன். யாத்திராகமம் 25 முதல் 30 வரை ஆறு அதிகாரம். எபிரெயர் 9 ஒன்று. நாளைக்கு ஒன்றாக ஏழு நாள். இந்த ஞாயிற்றுக்கிழமை தொடங்குங்கள்.